மறைந்தவர் நினைவும் மடியில் சுமக்கும் பொருளும்



உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய தகரப் பெட்டி இருக்கிறதா? அதை என்றேனும் இறக்கித் தூசு தட்டித் திறந்து பார்த்ததுண்டா? நூல் இற்றுப்போன ஒரு காடை வலை, மான்கொம்புப் பிடி போட்ட ஒரு மடக்குக் கத்தி, விளிம்பு தேய்ந்த ஒரு தோல் பை, வியர்வைக் கறை மங்காத ஒரு தொப்பி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அதில் இருக்கக்கூடும். அது உங்கள் அத்தாவுடையதாக இருக்கலாம், பாட்டனாருடையதாகவும் இருக்கலாம். அதைக் கையில் எடுத்த கணத்தில் அவர் வாசற்படியில் நின்று "விளக்கை எடுத்து வா" என்று கூப்பிடுவது போன்ற ஓர் உணர்வு உங்கள் நெஞ்சில் எழுந்தால், அதற்காக நாணப்பட வேண்டியதில்லை. அது மனித இயல்பு.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் வாழ்க்கை என்பது ஏரியும் நெல்வயலுமே. ஏரி நிறைந்தால் ஊர் நிறையும். அறுவடை முடிந்த தாளடி வயலில் காடையும் கௌதாரியும் மேயும். கரையோரப் புதரில் முயல் பதுங்கும். இத்தகைய ஊர்களில் வலையும் கண்ணியும் கொண்டு அந்தி நேரத்தில் வயலுக்குச் சென்று வந்த ஒரு தலைமுறை இருந்தது. அந்தத் தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அவர்கள் பயன்படுத்திய பொருள்கள் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டன. அவற்றை நாம் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

உலகெங்கும் ஒரு வழக்கம்

வேட்டை சட்டப்படி நடைபெறும் நாடுகளில், மறைந்த தந்தையின் துப்பாக்கியையோ கத்தியையோ, மறைந்த நண்பரின் தொப்பியையோ உடன் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகும் வழக்கம் பரவலாக உண்டு. அமெரிக்க நாட்டில் பாட்டனாரின் பழைய மேலங்கியை அணிந்துகொண்டுதான் பருவத்தின் முதல் நாள் வேட்டைக்குச் செல்வேன் என்போர் பலர். செருமனி நாட்டு வேட்டைக்காரர்களிடம் மற்றொரு மரபு காணப்படுகிறது. அவர்கள் வேட்டையில் வெற்றி கண்டவரின் தொப்பியில் ஒரு பசுங்கிளையைச் செருகுவர். அவர் இறந்தபின் அடக்கத்திற்கு வரும் வேட்டைத் தோழர்கள், கடைசி மரியாதையாக அவருடைய குழியில் ஒரு பசுங்கிளையை இடுவர்.

இவ்வழக்கம் எல்லை மீறுவதும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், இறந்தவரை எரித்த சாம்பலைத் துப்பாக்கித் தோட்டாவில் அடைத்துக் குடும்பத்தாருக்குத் தரும் ஒரு தொழிலே 2011-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மையத்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, மண்ணிடம் ஒப்படைக்கும் நமக்கு இது வியப்பையும் வேதனையையும் அளிக்கும். எனினும் அதற்குப் பின்னால் இருப்பது, பிரிந்தவரை இன்னும் ஒருமுறை உடன் அழைத்துச் செல்ல வேண்டுமென்ற ஏக்கமே என்பதை மறுப்பதற்கில்லை.

நம் தமிழ் மண்ணிலும் இதற்கு நெருங்கிய ஒன்றைக் காணலாம். வேட்டையையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்த நரிக்குறவ மக்கள், தந்தை வழியில் கைமாறி வரும் "சாமி மூட்டை"யைத் தம் உயிரினும் மேலாகப் போற்றுகின்றனர். ஊர் ஊராய்ச் சுற்றிய காலத்தில் அதுவும் அவர்களோடு சுற்றியது. அவர்கள் சமயம் வேறு, நம் மார்க்கம் வேறு. ஆயினும் நிலையான வீடில்லாத ஒரு மக்கள் கூட்டம், முன்னோரின் கைபட்ட ஒரு மூட்டையைத் தவறவிடாது காத்து வந்திருக்கிறது என்பதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

வில்லோடு வந்தவர்

நம் வரலாற்றில் வேட்டை என்றதும் நினைவுக்கு வருபவர் பெருமானார் (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) ஆவார்கள். அவர்கள் வேட்டைப் பிரியர். ஒருநாள் வேட்டை முடித்துத் தோளில் வில்லோடு மக்கா திரும்பியபோதுதான், அபூஜஹ்ல் தம் சகோதரர் மகனை இழிவுபடுத்திய செய்தி அவர்கள் காதில் விழுந்தது. அந்த வில்லாலேயே அவனை அடித்துவிட்டுத் தம் இஸ்லாத்தை அறிவித்தார்கள்.

ஹிஜ்ரி 3-இல் உஹதுப் போரில் அவர்கள் ஷஹீதானபோது, சகோதரி ஸஃபிய்யா (ரலி) இரண்டு போர்வைகளைக் கொண்டு வந்தார்கள். இரண்டுமே தம் சகோதரருக்காகக் கொண்டு வந்தவை. ஆனால் பக்கத்தில் கஃபனில்லாமல் ஓர் அன்ஸாரித் தோழரின் உடல் கிடந்தது. ஒருவருக்கு இரண்டும் மற்றவருக்கு ஒன்றுமில்லாமலும் இருப்பது தகாது என்று, ஆளுக்கொன்றாக அப்போர்வைகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. துயரத்தின் உச்சியிலும் அயலாரின் உரிமை மறக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கதீஜா நாயகியின் கழுத்து மாலை

ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போரில் சிறைபிடிக்கப்பட்டவர்களுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மருமகர் அபுல் ஆஸும் ஒருவர். அவரை மீட்பதற்காக மக்காவிலிருந்து மகள் ஜைனப் (ரலி) அனுப்பிய பொருள்களில் ஒரு கழுத்து மாலை இருந்தது. திருமணத்தின்போது அன்னை கதீஜா (ரலி) தம் மகளுக்கு அணிவித்த மாலை அது. அன்னையார் மறைந்து சில ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த மாலையைக் கண்டதும் அண்ணலாரின் உள்ளம் உருகியது.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் நமக்குப் பாடம். "இது என் மனைவியின் பொருள், எனக்கே உரியது" என்று அவர்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அது மீட்புப் பொருளாக வந்தது. அதில் மற்றவர்களுக்கு உரிமை இருந்தது. எனவே தோழர்களிடம் சம்மதம் கேட்டார்கள். தோழர்கள் மனமுவந்து இணங்கிய பிறகே, கைதியும் விடுவிக்கப்பட்டார். மாலையும் மகளிடமே திரும்பிச் சென்றது.

பொருள் யாருடையது?

இந்நிகழ்ச்சியிலிருந்து நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். வாப்பாவின் கைக்கடிகாரத்தை மூத்த மகன் கட்டிக்கொள்கிறார். கத்தியை இளையவர் எடுத்துக்கொள்கிறார். உம்மாவின் வளையலை மருமகள் அணிந்துகொள்கிறார். "நினைவுக்காகத்தானே!" என்று யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆனால் ஒருவர் மவுத்தான நிமிடமே அவருடைய பொருள் அனைத்தும், ஊசி முதற்கொண்டு, வாரிசுகளின் கூட்டுச் சொத்தாகிவிடுகிறது. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை முடிந்து எஞ்சியது பங்கிடப்பட வேண்டும். நினைவுப் பொருளை ஒருவர் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மற்ற வாரிசுகளின் ஒப்புதலோடு எடுக்க வேண்டும், அல்லது அதன் மதிப்பைத் தம் பங்கில் கழித்துக்கொள்ள வேண்டும். வாரிசுகளில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. ஏனெனில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் சம்மதத்தைத் தர அப்பிள்ளைக்குத் தகுதியில்லை.

தங்கையின் உரிமையை மறந்து அண்ணன் மடியில் செருகிய கத்தி, வாப்பாவின் நினைவைப் போற்றுவதாக எப்படி ஆகும்? சிந்தியுங்கள்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இறந்தவரின் பொருளை வைத்திருந்தால் ஆபத்து வராது, இரை தப்பாது, வியாபாரம் பெருகும் என்றெல்லாம் நம்பத் தொடங்கினால், அது நினைவு என்ற எல்லையைத் தாண்டித் தாயத்தாக மாறிவிடுகிறது. காப்பவன் அல்லாஹ் ஒருவனே. பொருள் நினைவூட்டும், அவ்வளவே அதன் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

மார்க்கம் ஒருபுறமிருக்க, நாட்டுச் சட்டத்தையும் நாம் அறிந்திருத்தல் அவசியம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இந்தியாவில் வேட்டை என்பது பொழுதுபோக்காக நடத்தக்கூடியதன்று. காடை, கௌதாரி, முயல் ஆகிய மூன்றுமே சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. ஆகவே பாட்டனாரின் வலையை எடுத்துக்கொண்டு, அவர் நினைவாக ஒரு நாள் வயலுக்குப் போய் வரலாமே என்று இளைஞர் யாரேனும் எண்ணினால், அது வழக்கில் முடியும்.

வேட்டைக் காலத்தின் எச்சங்களையும் கவனிக்க வேண்டும். சுவரில் மாட்டிய மான்கொம்பு, சங்கிலியில் கோத்த புலிநகம், கொம்புப் பிடி போட்ட கத்தி ஆகியவை வெறும் அலங்காரப் பொருள்கள் அல்ல. உரிமைச் சான்று இல்லாமல் இவற்றை வைத்திருப்பது சட்டத்திற்கு மாறானது, விற்பதும் குற்றமே. சான்றுள்ள பொருள் வாரிசாக ஒருவருக்கு வந்தால், வந்த 90 நாட்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். வைத்திருக்க விரும்பாதவர் அரசிடமே ஒப்படைத்துவிட 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது. அதற்கு இழப்பீடு கிடையாது. சான்று ஏதுமில்லாத பொருள் உங்கள் வீட்டில் இருப்பதாக ஐயம் எழுந்தால், அதைக் கைமாற்றிவிட முயலாமல் ஒரு வழக்கறிஞரைக் கலந்து, வனத்துறையை அணுகுவதே நேர்வழி.

துப்பாக்கியின் கதையும் அவ்வாறே. உரிமம் என்பது ஆளுக்குரியது. ஆள் மறைந்தால் அது வாரிசுக்குத் தானாக வந்துவிடாது. துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு, விரும்பினால் வாரிசு தம் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்க வேண்டும். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைப்பது வாப்பாவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இந்தக் கட்டுப்பாடுகள் நமக்குப் புதியவை அல்ல. இஹ்ராம் கட்டியவருக்குத் தரை வேட்டை தடை; ஹரம் எல்லைக்குள் யாருக்குமே தடை. உயிருள்ளதை வெறுமனே குறிபார்த்துப் பழகும் இலக்காக ஆக்குவதை அண்ணலார் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். உண்பதற்காக, அல்லாஹ்வின் பெயர் கூறி, தேவையளவே என்பதுதான் நம் மார்க்கம் கற்றுத் தந்த வேட்டை.

துப்பாக்கிச் சத்தத்தை நிறுத்திய ஊர்

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்றுண்டு. உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே, அதிகத் தொலைவின்றி இருக்கிறது வேடந்தாங்கல். பெயரிலேயே வேடன் இருக்கிறான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் அங்கே ஏரிப் பறவைகளைச் சுட்டுத் தள்ளியபோது, ஊரார் திரண்டு சென்று அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் பெற்றனர். அவ்வூராருக்குக் காரணமும் தெரிந்திருந்தது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர், வயலுக்கு எருவாகவும் அமைந்தது. முன்னோர் பெற்ற அவ்வுரிமையைப் பேரர்கள் கைவிடவில்லை. வேடந்தாங்கலும் அதன் அண்டையிலுள்ள கரிக்கிலியும் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. நவம்பர் முதல் அங்கே நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் வந்து கூடுகின்றன.

உங்கள் பாட்டனாரின் கைத்தடியையோ தோள் துண்டையோ எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு ஒரு மாலைப் பொழுதில் அந்த ஏரிக்கரைக்குச் சென்று பாருங்கள். எந்தப் பறவை எந்தக் குரலில் கத்தும், மழைக்கு முன் எது தாழப் பறக்கும் என்றெல்லாம் அவர் அறிந்திருந்தார் அல்லவா? வேட்டை போகட்டும், அந்த அறிவாவது பேரப் பிள்ளைகளுக்குச் சேரட்டும். அதுவும் அவர் விட்டுச் சென்ற சொத்துதான்.

தலைப்பாகையைக் கொடுத்தவர்

நிறைவாக ஒன்று. இப்னு உமர் (ரலி) அவர்கள் மக்கா நோக்கிச் செல்லும் வழியில் ஒரு கிராமத்து அரபியைச் சந்தித்தார்கள். தாம் ஏறிச் சென்ற கழுதையையும், தலையில் கட்டியிருந்த தலைப்பாகையையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். "இவர்கள் கொஞ்சம் கிடைத்தாலே மகிழ்ந்துபோகிறவர்கள் ஆயிற்றே!" என்று உடன் வந்தவர்கள் வியந்தனர். அவருடைய தந்தை தம் தந்தை உமர் (ரலி) அவர்களின் நண்பர் என்பதே இப்னு உமர் கூறிய காரணம். தந்தையின் அன்புக்குரியவர்களை மதித்து உறவு பேணுவது நன்மைகளில் சிறந்தது என்ற நபிமொழியை அவர்கள் அப்படிச் செயலில் காட்டினார்கள். அண்ணலாரும் ஆடு அறுத்தால், மறைந்த கதீஜா (ரலி) அவர்களின் தோழியருக்கு ஒரு பங்கு அனுப்பாமல் இருந்ததில்லை என்பதை ஆயிஷா (ரலி) வாயிலாக நாம் அறிகிறோம்.

அன்பர்களே! உங்கள் அத்தாவோடு அந்தி வேளையில் வரப்பில் வலை விரித்த கூட்டாளி ஒருவர், இன்னமும் ஏதோ ஒரு திண்ணையில் கண் மங்கி உட்கார்ந்திருக்கலாம். அவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். பக்கத்துத் தெருவின் பிற சமயச் சகோதரராகவும் இருக்கலாம். அடுத்த முறை வீட்டில் கறி சமைக்கும்போது ஒரு கிண்ணம் அவருக்கும் போகட்டும். கூடவே அந்தப் பழைய கத்தியை எடுத்துச் சென்று அவர் கையில் ஒரு நிமிடம் கொடுத்துப் பாருங்கள். பெட்டிக்குள் இருந்தவரை அது இரும்புத் துண்டு. அவர் அதைத் தடவிப் பார்த்து, உங்கள் அத்தாவின் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்கும்போது, நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்த உங்கள் அத்தாவை நீங்கள் சந்திப்பீர்கள்.

திரும்பி வரும் வழியில் அவருக்காக இரு கை ஏந்துங்கள். ஸாலிஹான பிள்ளையின் துஆ பெற்றோரைச் சென்றடையும் என்பது நமக்கு வாக்களிக்கப்பட்டதல்லவா?