களிப்பாறையின் நுண்துளைகளை அளப்பது எப்படி? ஒரு விளக்கம்



அறிவியல் தலைப்பில் விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால் பலரும் தயங்குகிறோம். கருத்து புரிந்துவிட்டால் தமிழ் தானாக வரும். இம்முறை கொஞ்சம் கடினமான தலைப்பையே எடுத்துக்கொள்வோம்.

களிமண்ணும் களிப்பாறையும்

பிரிக்பீல்ட்ஸுக்குப் பெயர் தந்தவை அங்கிருந்த செங்கல் சூளைகள். சாயம் பூசாத செங்கல் மீது தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதே காரணம். சூளையில் வேகாமல், கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் அழுத்தப்படும் சேறும் களிமண்ணும் ஏடு ஏடாகப் பிரியும் பாறையாக மாறுகின்றன. அதுதான் ஷேல் எனப்படும் களிப்பாறை.

நம் சிலாங்கூரிலேயே, ரவாங்கை அடுத்த பத்து ஆராங்கில் இப்பாறை உண்டு. 1915 முதல் 1960 வரை அங்கே நிலக்கரி வெட்டினார்கள். தமிழ்த் தொழிலாளர்களும் உழைத்த இடம் அது. நிலக்கரிப் படிவங்களோடு களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன.

எண்ணிக்கை மட்டும் போதாது

தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். களிப்பாறையின் துளைகள் பலவும் 100 நானோமீட்டருக்கும் குறைவு. 2 நானோமீட்டருக்குக் கீழ் நுண்துளை, 2 முதல் 50 வரை இடைத்துளை, 50க்கு மேல் பெருந்துளை என்று வகைப்படுத்துகிறார்கள்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. இரண்டு பாறைகளில் துளைகளின் மொத்தக் கொள்ளளவு சமம். ஒன்றில் துளைகள் வழவழப்பாக, நேராக உள்ளன. மற்றதில் வளைந்து நெளிந்து, சுவர் முழுக்கச் சொரசொரப்பு. இரண்டிலும் வாயு ஒரே மாதிரி தங்குமா? ஒரே வேகத்தில் வெளியேறுமா? ஆகாது. அதனால்தான் சிக்கலையும் ஓர் எண்ணாக அளக்க வேண்டியிருக்கிறது.

சிக்கலுக்கு ஓர் எண்

1967இல் கணித அறிஞர் பெனுவா மாண்டல்பிராட், பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று கேட்டார். அளவுகோல் சிறியதாகச் சிறியதாக, புதிய வளைவுகள் கணக்கில் சேர்ந்து நீளம் கூடிக்கொண்டே போகும். கிள்ளான் ஆற்று முகத்துவாரத்துச் சதுப்புநிலக் கரையை அளந்தாலும் இதே கதைதான். இத்தகைய வடிவங்களுக்கு 1975இல் அவர் வைத்த பெயர் பிரேக்டல்.

கணக்கு இப்படி வரும். அளவுகோலை மூன்றில் ஒரு பங்காக்கினால், நேர்கோட்டை அளக்க 3 துண்டுகள் தேவை, சதுரத்துக்கு 9, கனசதுரத்துக்கு 27. அதாவது 3இன் அடுக்கு 1, 2, 3. இந்த அடுக்கே பரிமாணம். கோக் வளைவு என்னும் நெளிந்த கோட்டுக்கு 4 துண்டுகள் தேவை. 4இன் மடக்கையை 3இன் மடக்கையால் வகுத்தால் ஏறத்தாழ 1.26. அது கோட்டைவிட அதிகம், பரப்பைவிடக் குறைவு. அவ்வளவுதான்!

துளையின் சுவர் ஒரு பரப்பு. ஆகவே அதன் எண் 2க்கும் 3க்கும் இடையில் இருக்கும். 2ஐ ஒட்டினால் வழவழப்பு. 3ஐ நெருங்கினால் மிகுந்த சிக்கல்.

ஆய்வகத்தில் எப்படி?

பாறைத் தூளை வெப்பப்படுத்தி, ஈரத்தையும் சிக்கியிருக்கும் வாயுவையும் நீக்குவார்கள். பிறகு –196 பாகை செல்சியஸ் குளிரில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்துவார்கள். அழுத்தம் ஏற ஏற எவ்வளவு வாயு துளைகளில் ஒட்டுகிறது என்று குறிப்பார்கள். அந்த அளவுகளை மடக்கையாக்கி வரைபடம் போட்டால் நேர்கோட்டுப் பகுதி கிடைக்கும். வழக்கமான முறையில், அதன் சாய்வோடு 3ஐக் கூட்டினால் பரிமாணம் வந்துவிடும். சாய்வு –0.4 என்று வைத்துக்கொண்டால் விடை 2.6.

இதனால் என்ன பயன்?

சொரசொரப்பு கூடினால் வாயு ஒட்டிக்கொள்ளும் பரப்பு கூடும். ஆனால் வெளியேறும் பாதை கடினமாகலாம். "துளை அதிகம், எனவே வாயு எளிதில் வரும்" என்று எழுதினால் தவறு. துளைகள் ஒன்றோடொன்று இணைந்துள்ளனவா என்பதை இந்த எண் மட்டும் சொல்லாது. அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

சரவாக் கடற்பகுதியில், கசவாரி களத்து எரிவாயுவிலிருந்து பிரிக்கும் கரியமில வாயுவைக் கடலடிப் பாறையில் சேமிக்கும் திட்டத்தை பெட்ரோனாஸ் மேற்கொண்டுள்ளது. இத்தகைய சேமிப்புக்கு மேலே கசியாத மூடிப்பாறை வேண்டும். உலகின் பல இடங்களில் அந்த மூடி களிப்பாறையே. துளைகளைத் தவறாகக் கணித்தால், அடைத்த வாயு மேலேறி வரக்கூடும்.

பயிற்சி

1. துளைகளின் கொள்ளளவுக்கும் அவற்றின் சிக்கலுக்கும் உள்ள வேறுபாட்டை 50 சொற்களில் விளக்குக.
2. அளவுகோலை மூன்றில் ஒரு பங்காக்கும்போது ஒரு பரப்புக்கு 13 துண்டுகள் தேவைப்பட்டால், அதன் பரிமாணம் என்ன? அது வழவழப்பானதா?
3. கிள்ளான் கரையின் வரைபடத்தின்மேல் முதலில் பெரிய கட்டங்களும் பிறகு அவற்றில் பாதி அளவுக் கட்டங்களும் வரைக. கரை கடக்கும் கட்டங்களை இருமுறையும் எண்ணுக. எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டுகிறதா? ஏன் என்று குழுவில் கலந்துரையாடுக.