கடைக்கு அழகு கண்ணாடியா, நாற்காலியா?

புதுக்கடை திறப்பு என்றால் நம் பக்கத்தில் அது ஒரு சின்னத் திருவிழா. வாசலில் வாழைமரம், சீரியல் செட், பன்னீர், சந்தனம்... உள்ளே போனால் கண்ணாடி, டைல்ஸ், மேலே ஃபால்ஸ் சீலிங், அதற்குள் வரிசையாக விளக்குகள். "உள் அலங்காரத்துக்கு மட்டும் பல லட்சமாம்ல!" என்று பேசிக்கொண்டே வீடு திரும்புகிறோம். ஊர் வளர்வது சந்தோஷம்தான். ஆனால், ஒரு வைத்தியனின் கண் வேறு எதையோ தேடும். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறதா?

பல கடைகளில் இருக்காது. இருந்தாலும் அதன் மேல் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கும்!

பாளையம்பட்டியைச் சுற்றி மானம் பார்த்த கரிசல் பூமி. மழை தவறினால் வீட்டுக்கு ஒரு பிள்ளை கடை வேலைக்குக் கிளம்பிவிடும். அப்படிப் போகிற பெண்கள் வைத்தியரிடம் வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "பொழுது சாஞ்சா காலு ரெண்டும் தூணு மாதிரி கனக்குதுங்கய்யா. ராத்திரி கெண்டைக்காலு இழுத்துப் பிடிக்குது." வயசைக் கேட்டால் இருபத்தைந்துகூட ஆகியிருக்காது.

உட்கார்ந்து விற்ற காலம்

ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பழைய ஜவுளிக்கடை நினைவிருக்கும். முழங்கால் உயரத்தில் ஒரு மேடை. அதன் மேல் மெத்தை, வெள்ளை விரிப்பு, சாய்ந்துகொள்ளத் திண்டு. கடைக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சேலையை விரித்துப் போடுவார். வாங்க வந்தவர்களும் மேடை ஓரத்தில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள்.

அருப்புக்கோட்டை நெசவாளர் வீட்டைப் பாருங்கள். குழித்தறியில் நெசவாளர் விளிம்புப் பலகையில் உட்கார்ந்திருப்பார். கால்கள் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்கும். அதிலும் முதுகுவலி, இடுப்புவலி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கால் மரத்துப்போய் நிற்கவில்லையே!

மேடை போய் உயரமான கவுண்டர் வந்தது. சரக்கு நின்ற வாக்கில் அடுக்கப்பட்டது. கூடவே மனிதரும் நிற்க வேண்டியதாயிற்று. அதாவது, நிற்க வைத்தது கடையின் அமைப்புதான்.

நின்றுகொண்டே இருந்தால்...

காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே இதயத்துக்கு ஏற வேண்டும். ஏற்றிவிடுகிற பம்பு, நம் கெண்டைக்கால் தசை. நடந்தால், காலை அசைத்தால் அது வேலை செய்யும். அசையாமல் நின்றால் வேலை செய்யாது. ரத்தக்குழாய்க்குள் இருக்கிற சின்னச் சின்ன வால்வுகளும் நாளடைவில் தளர்ந்துபோகும். ரத்தம் கீழேயே தேங்கி, குழாய் புடைத்துச் சுருண்டுகொள்ளும். இதைத்தான் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்கிறோம். உண்மையில் அது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். ஆங்கில வைத்தியத்தில் 'வெரிகோஸ் வெயின்' என்பார்கள். கவனிக்காமல் விட்டால் கணுக்கால் பக்கம் தோல் கறுத்து, அரித்து, ஆறாத புண்ணில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அடக்கக் கூடாத பதினான்கு

சித்த மருத்துவம் பதினான்கு வேகங்களைச் சொல்லி, அவற்றை அடக்காதே என்கிறது. பசி, தாகம், தூக்கம், தும்மல், சிறுநீர், மலம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கடையில் பெண்களுக்குச் சரியான கழிப்பறை இல்லையென்றால் என்ன நடக்கிறது? சிறுநீரை அடக்குகிறார்கள். அடக்க வேண்டி வருமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு இது ஆகுமா? நீர்க்கடுப்பு, கல்லடைப்பு எல்லாம் இப்படித்தான் வந்து சேரும். ஆகவே கடைக்குப் பிளான் போடும்போதே குடிதண்ணீருக்கும் கழிப்பறைக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது

நின்று வேலை செய்கிற தொழிலாளி, இடைவேளை கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடைப் பிள்ளைகள் வெகுகாலம் காத்திருந்தார்கள். 2010-ல் வந்த 'அங்காடித் தெரு' படத்தில் அவர்கள் படும் பாட்டை ஊரே பார்த்தது. கேரளத்தில் பெண் ஊழியர்கள் போராடி, 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். ஆக, ஸ்டூல் போடுவது முதலாளியின் தயவு அல்ல, கடமை.

ஆபீஸிலும் வீட்டிலும்

எந்த இடத்தை அலங்கரித்தாலும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இங்கே அதிக நேரம் இருக்கப்போவது யார்?

ஆபீஸ் என்றால், கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும். பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் கண் கூசாது.

வீடு என்றால், அடுப்படியில் நிற்கிறவர். சமையல் மேடையை எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாகக் கட்டிவிடுகிறார்கள். சமைப்பவரை நிற்கச் சொல்லி, மடக்கிய முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே வருகிற மாதிரி அளவெடுக்கச் சொல்லுங்கள். தோள்வலி, இடுப்புவலி பாதி குறையும். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் குளியலறைக்கு வழவழப்பு டைல்ஸ் வேண்டவே வேண்டாம். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அவசியம்.

நிற்கிறவர்கள் கவனத்துக்கு

* அரைமணிக்கு ஒருதரம் குதிகாலைப் பத்து, பதினைந்து முறை தூக்கி இறக்குங்கள். நின்ற இடத்திலேயே செய்யலாம்.

* வீட்டுக்குப் போனதும் மல்லாந்து படுத்து, கால்களைத் தலையணை மேல் உயர்த்தி கால் மணி நேரம் வையுங்கள்.

* எந்தத் தைலமானாலும் லேசாகத் தடவலாம். புடைத்த இடத்தை அழுத்தி உருவக் கூடாது.

* ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடை கட்டப்போகும் முதலாளிமாரே! ஆசாரியிடம் ஷோகேஸுக்கு அளவு கொடுக்கும்போதே, கவுண்டருக்கு உள்பக்கம் ஸ்டூல் போடவும் இரண்டடி இடம் விடச் சொல்லுங்கள். உட்கார்ந்து எழுந்த பிள்ளை ராத்திரி எட்டு மணிக்கும் சிரித்த முகமாக, "வாங்கக்கா, என்ன பார்க்கிறீங்க?" என்று கேட்கும். உங்கள் கடைக்கு அதைவிட நல்ல அலங்காரம் ஏது?