பாட்டி சொன்ன எட்டு ‘இல்லை’

“எனக்கென்னம்மா, எல்லாம் நல்லாத்தான் ஞாபகம் இருக்கு,” என்றார் பாட்டி. எட்டுக் கேள்விகளுக்கும் அவரது பதில் ‘இல்லை’.

உளவியல் பாடத்தில் படித்த ‘ஏடி8’ கேள்வித்தாளை வீட்டில் முயன்று பார்த்தேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டு வெளியிட்டது அது. சொன்னதையே திரும்பச் சொல்வது, மாதத்தையோ ஆண்டையோ மறப்பது, பணக் கணக்கில் தடுமாறுவது போன்றவற்றில் அண்மைய ஆண்டுகளில் மாற்றம் உண்டா என்று அது கேட்கிறது. இரண்டு ‘ஆம்’ வந்தாலே மேற்கொண்டு பரிசோதிப்பது நல்லது.

அதே தாளைப் பாட்டியைப் பற்றி நிரப்பும்படி அம்மாவிடம் கொடுத்தேன். நான்கு ‘ஆம்’. வேடிக்கைக்காக நானும் என்னைப் பற்றி நிரப்பினேன். தேர்வு வாரம், தூக்கமில்லை. எனக்கு மூன்று ‘ஆம்’! அவரவர் பதிலை மட்டும் நம்பினால், மறதிநோய் எனக்குத்தான், பாட்டிக்கு இல்லை.

ஏன் இப்படி? மறந்ததே மறந்துபோனால், மறதி இருப்பதை எப்படிச் சொல்வது? மறதிநோய் உள்ள பலருக்குத் தம் குறை தமக்கே தெரிவதில்லை. மாறாக, மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை உள்ளவர்கள் தங்கள் மறதியைப் பெரிதாக உணர்கிறார்கள். அதனால்தான் ‘ஏடி8’ முதலில் நெருங்கிய உறவினர் பதிலளிப்பதற்காகவே உருவாக்கப்பட்டது.

ஒரு கேள்வித்தாள் எவ்வளவு சரி என்பதை, அதன் முடிவை மருத்துவரின் முழுப் பரிசோதனையோடு ஒப்பிட்டே கண்டறிகிறார்கள். சிங்கப்பூரில் 2013ஆம் ஆண்டு ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியோரில் பத்தில் ஒருவருக்கு மறதிநோய் இருந்தது. அப்படியானால், 100 முதியவர்களில் 10 பேருக்கு நோய். ஒரு கேள்வித்தாள் இரு பக்கமும் 80 விழுக்காடு சரியாகச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள 10 பேரில் 8 பேரைக் கண்டுபிடிக்கும், இருவரைத் தவறவிடும். நோயில்லாத 90 பேரில் 18 பேருக்கும் நோய் இருக்கலாம் என்று சொல்லும். ஆக, எச்சரிக்கப்பட்ட 26 பேரில் 8 பேருக்குத்தான் உண்மையில் நோய்!

எனவே, அம்மா தந்த நான்கு ‘ஆம்’ தீர்ப்பல்ல. பாட்டி சொன்ன எட்டு ‘இல்லை’யும் நிம்மதியல்ல. அடுத்த வாரம் பாட்டியைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்கிறோம். அம்மா நிரப்பிய தாளும் எங்களோடு வருகிறது.

உங்கள் தாத்தா பாட்டி மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, முடிந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள். அவர்கள் சொல்ல மறப்பதை, உடன் வாழும் நம்மால்தான் சொல்ல முடியும்.