மூடிய பிரிண்டருக்கு எந்த பிளாஸ்டிக்?

3டி பிரிண்டரின் பாகங்களை இன்னொரு 3டி பிரிண்டரிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் பழையது. 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் தொடங்கிய ரெப்ராப் திட்டத்துக்கு அதுதான் அடித்தளம். அன்றைய இயந்திரங்கள் திறந்த சட்டங்கள்; வெப்பம் காற்றில் கலந்து போய்விடும். நான்கு பக்கமும் அக்ரிலிக் தகடு வைத்து மூடினால் நிலைமை வேறு. 100, 110 டிகிரியில் சூடாகும் அச்சுத் தட்டு (பெட்) அடியில் இருக்க, உள்ளே இருக்கும் காற்று சாதாரணமாக 50, 60 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில்தான் பிரிண்டரின் சொந்த எலும்புகளும் மணிக்கணக்கில் நிற்க வேண்டும்.

அந்தப் பாகங்களுக்கு எந்த பிளாஸ்டிக் என்பதை, பிலமென்ட் சுருளின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பலர். அது பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் முனையான நாசிலுக்கான கணக்கு, இங்கே உதவாது. விறைப்பாக இருக்கும் பிளாஸ்டிக் எந்தச் சூட்டில் தளர ஆரம்பிக்கிறது என்பதே நமக்குத் தேவை. பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலும், பெட்ஜி சுமார் 80இலும், ஏஎஸ்ஏ 100இலும், ஏபிஎஸ் 105இலும் தளரும். பாலிகார்பனேட் 145 வரை தாங்கும்.

இதில் பிஎல்ஏ முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறது. கார்பன் இழை கலந்த பிஎல்ஏ என்றாலும் அதே கதைதான்: இழை விறைப்பைக் கூட்டும், ஆனால் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் இளகுவது பழைய சூட்டில்தான்.

சிக்கல் பெட்ஜியில். உள்ளே 60, தாங்குவது 80, இடையில் 20 டிகிரி மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பெல்ட்டை ஓட்டும் ஸ்டெப்பர் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். மூடிய பெட்டிக்குள் நெடுநேரம் ஓடிய மோட்டாரின் உடல் 70, 80 டிகிரிக்குப் போவது சகஜம். அதன் மேல் திருகி வைத்த பாகத்துக்கும் அதே சூடு. அதோடு பெல்ட்டின் இழுவிசை வேறு. தளரும் வெப்பநிலைக்குக் கீழேயே இருந்தாலும், ஓயாமல் ஒரே பக்கம் இழுபடும் பிளாஸ்டிக், கயிற்றுக்கட்டில் தொய்வதுபோல, மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்துவிடும். கப்பியைத் தாங்கும் பாகம் மயிரிழை சாயும், பெல்ட் தளரும், அச்சிட்ட வட்டம் நீள்வட்டமாக வரும். பெல்ட்டை முறுக்கினால் சில நாள் சரியாகும். பிறகு மீண்டும் அதேதான்.

பெட்ஜியைக் குறை சொல்வதல்ல இது. புரூசா நிறுவனத்தின் எம்கே3 பிரிண்டரில் உள்ள ஆரஞ்சு நிறப் பாகங்கள் பெட்ஜிதான். திறந்த இயந்திரம் என்பதால் அங்கே அது போதும். மூடிய வகையான வோரான் பிரிண்டரை வடிவமைத்தவர்கள் ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ என்கிறார்கள்; சுவர் 4 சுற்று, உள்நிரப்பு 40 சதவீதம் என்று அளவும் சொல்லிவிடுகிறார்கள். இரண்டில் எது? வெயில் படும் ஜன்னலோரம் என்றால் ஏஎஸ்ஏ. மற்றபடி கையில் கிடைப்பதும் விலை குறைந்ததும் எதுவோ அது.

பாலிகார்பனேட் இன்னும் தாங்கும், உண்மைதான். ஆனால் அதை வளையாமல் அச்சிடும் பாடு பெரிது. மோட்டார் தாங்கிக்கு அது தேவையும் இல்லை. நைலான் ஈரத்தை உறிஞ்சி அளவு மாறும், இழுவிசையில் தொய்யவும் செய்யும். ஏபிஎஸ்ஸே திணறும் ஓரிடம், நாசிலுக்குப் பக்கத்தில் காற்று ஊதும் குழாய்முனை. அங்கே சூடேற்றும் கட்டிக்குச் சிலிக்கோன் உறை மாட்டினால் சமாளிக்கலாம். சுருளைத் தாங்கும் தண்டு மாதிரி பெட்டிக்கு வெளியே நிற்பவற்றுக்கு பெட்ஜியே ஏராளம்.

ஏபிஎஸ் அச்சிட மூடிய பிரிண்டர் வேண்டும். மூடிய பிரிண்டர் கட்ட ஏபிஎஸ் பாகம் வேண்டும். இந்தக் கோழி–முட்டை வம்புக்காகவே வோரான் வட்டாரத்தில், ஏற்கெனவே கட்டியவர்கள் புதியவர்களுக்குப் பாகம் அச்சிட்டுத் தரும் ஏற்பாடு இருக்கிறது. சொந்தமாகச் செய்பவர்கள் திறந்த பிரிண்டரின் மேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்க்கிறார்கள். செய்யலாம், ஆனால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அட்டை தீப்பிடிக்கும் பொருள். ஏபிஎஸ் உருகும்போது ஸ்டைரின் ஆவி வரும் என்பதால் அறையில் காற்றோட்டமும் அவசியம். அச்சு முடிந்ததும் பெட்டியைத் தூக்கிவிடாதீர்கள்: பெட் தானாக ஆறட்டும். திடீரென்று குளிர்க்காற்று பட்டால் மூலைகள் தூக்கிக்கொள்ளும், அடுக்குகளுக்கு நடுவே கீறல் விழும்.