ஈரமானியின் எழுத்துத் திரையும் குறைந்த மின்னழுத்தமும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசல் நிலங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. கிணற்று நீர் சொற்பமாகையால், பாய்ச்ச வேண்டிய தருணத்தை அறிவது மகசூலுக்கு அவசியமாகும். இதன் பொருட்டு மண்ணின் ஈரத்தை எண்ணாற் காட்டும் சிறு மானிகளை வயலில் அமைப்பதுண்டு. மானி செவ்வனே ஓடியும் திரையில் எழுத்துத் தோன்றாவிடில், அதைப் பழுதென்று ஒதுக்கிவிடுதல் தவறு. மின்னழுத்தக் குறைவே பலவிடங்களில் இதற்குக் காரணம்.

காரணம்: வரிக்குப் பதினாறு எழுத்தாக இரண்டு வரி காட்டும் சாதாரணத் திரவப்படிகத் திரை 5 வோல்ட்டுக்கென அமைந்தது. மானியை நடத்தும் சில்லோ பெரும்பாலும் 3.3 வோல்ட்டில் வேலை செய்வது. இரண்டையும் ஒரே 3.3 வோல்ட்டு இணைப்பில் சேர்த்தால் தொல்லை உண்டாகிறது. திரையினுள் இருக்கும் ஹிட்டாச்சி எச்.டி.44780யு வகைச் சில்லு 2.7 வோல்ட்டிலும் இயங்கவல்லது. ஆனால் படிகம் கறுத்து எழுத்தாய்ப் புலப்பட ஏறக்குறைய 4.5 வோல்ட்டு வேண்டும். ஆகையால் எழுத்து உள்ளே எழுதப்பட்டிருந்தும் வெளியே தெரிவதில்லை.

பரிகாரம்: மூன்று வழிகள் உள.

1. 3.3 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்ட திரையை வாங்குதல். இதுவே எளிது.

2. மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக உயர்த்தும் சிறு பலகையைத் திரைக்கு மட்டும் இணைத்தல். அப்பொழுது திரையின் படித்தல்-எழுதுதல் முனையைத் தரைக்கம்பியுடன் சேர்த்துவிட வேண்டும். இன்றேல் 5 வோல்ட்டு திரும்பிச் சென்று மானியின் சில்லைக் கெடுக்கலாம்.

3. எழுத்தின் கறுமையைத் திருத்தும் முனைக்கு, பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 1 வோல்ட்டு கொடுத்தல். இதற்கென எதிர்மின்னழுத்தம் தரும் சில்லுகள் உண்டு.

சிக்கனம்: திரை தானே எடுப்பது 1 அல்லது 2 மில்லியாம்பியர் மட்டுமே, பின்விளக்கே பாட்டரியைத் தின்பது. 20 மில்லியாம்பியர் விளக்கு இடைவிடாது எரிந்தால் 1,000 மில்லியாம்பியர்-மணிப் பாட்டரி 50 மணி நேரத்தில் தீரும். பகலில் பார்ப்போர்க்கு விளக்கு வேண்டியதில்லை. இரவில் பொத்தானை அழுத்தும்போது எரிந்தாற் போதும்.

எச்சரிக்கை: கோடை வெப்பத்தில் படிகம் தானே கறுத்து, எழுத்துக்குப் பதிலாய்க் கட்டங்கள் தோன்றும். மானிப் பெட்டியை நிழலில் வைத்து, கறுமைத் திருகைப் பார்க்கும் வேளையிலேயே திருத்துக. பட்டாசுச் சாலைகளையும் மருந்துக் கிடங்குகளையும் அடுத்த நிலங்களில், அவற்றின் அருகே பற்றவைத்தலோ பாட்டரி திறத்தலோ செய்தலாகாது. ஒரு பொறியே கேடு விளைக்கும்.

மங்கிய திரையைக் காட்டிலும் தவறான எண் அபாயமானது. சில மலிவான மானிகளில் பாட்டரி தளர்ந்தால் ஈரத்தின் அளவும் மாறித் தோன்றும். ஆகையால் எண்ணைக் கண்டதும் மடை திறவாமல், ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையிற் பிடித்துப் பார்த்து ஒப்பிடுக.

எண்ணே வேண்டாதவர்க்குக் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தார் அமைத்த ஈரங்காட்டி உதவும். அதில் நீலம் மிகுந்த ஈரத்தையும், பச்சை போதிய ஈரத்தையும், ஆரஞ்சு குறைவையும், சிவப்பு மிகக் குறைவையும் விளக்கொளியால் காட்டும். திரையின் தொல்லை அதற்கில்லை.