பழைய இரும்பில் ஒரு பட்டடை

இடம்பெயர்ந்து மீண்டும் மண்ணில் கால்வைக்கும் கமக்காரருக்கு முதலில் வேண்டியவை மண்வெட்டியும் கத்தியுமே. அவை மழுங்கினால் பட்டணத்துக்கு ஓடுகிறோம். நம்மிடையே ஓர் உலை இருந்தால் அந்தச் செலவு மிஞ்சும்.

இதற்குப் பெரிய முதல் தேவையில்லை. பழைய லொறிச் சில்லின் றிம்முக்குள் களிமண் பூசி உலர்த்தினால் உலையாகும். அடியில் ஒரு குழாய், காற்றூதத் துருத்தி, எரிக்கச் சிரட்டைக்கரி போதும். நாகம் பூசிய குழாய் வேண்டாம். அதன் புகை காய்ச்சல் தரும். கனத்த இரும்புக் கட்டையை மரக்குற்றியில் இறுக்கினால் பட்டடை. பழைய சம்மட்டி வாங்கும்போது முகம் வெடித்துள்ளதா, பிடி ஆடுகிறதா எனப் பார்ப்போம். உலையை வீட்டுக்குள் வைக்காமல் காற்றோட்டமான வெளியில் வைப்போம்.

கத்திக்கு லொறி வில்தகடு நல்லது. அலகைச் சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாத சூட்டைச் சற்றே தாண்டியதும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். பின்னர் அதைத் தீட்டி, வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூட்டில் காய்ச்சி ஆறவிட வேண்டும். இல்லையேல் உடையும்.

ஓர் எச்சரிக்கை. போர் 2009இல் முடிந்தாலும் வெடிபொருட்கள் மண்ணில் எஞ்சியுள்ளன. காணியில் கிடக்கும் இனந்தெரியாத இரும்பைத் தொடவோ தீயிலிடவோ கூடாது. இன்னதெனத் தெரிந்த இரும்பையே எடுப்போம்.

முதல் வேலையாக அயலவரின் தேய்ந்த மண்வெட்டியைத் தட்டிக் கூராக்கிக் கொடுப்போம். கை பழகும், உறவும் பழகும்.