வெள்ளாற்றின் கடைசிப் பங்கு

கல்வராயன் மலையில் பெய்யும் மழைக்குப் பங்காளிகள் அதிகம். கோமுகி ஆற்றை 1965-இல் கட்டிய அணை கச்சிராயபாளையத்துக்கு அருகே பிடித்து வைக்கிறது. மணிமுக்தாவுக்கு 1970-இல் ஓர் அணை வந்தது. கோமுகி மணிமுக்தாவில் கலக்க, அது விருத்தாசலத்தைத் தாண்டிக் கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்கிறது. மலையின் மேற்குப் பக்கத்து ஓடைகளும் வசிஷ்ட நதி வழியாக அதே வெள்ளாற்றுக்குத்தான் வருகின்றன. வெள்ளாற்றிலோ தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு என்று அணைக்கட்டுகள் வரிசையாக நிற்கின்றன. இவ்வளவு பேருக்கும் கொடுத்த பிறகு பரங்கிப்பேட்டையில் வங்கக்கடலைத் தொடும் மிச்சத்தை 'கடலில் வீணாகக் கலக்கும் நீர்' என்று எழுதிப் பழகிவிட்டோம். அது வீண் இல்லை என்றால் எவ்வளவு தேவை என்று சொல்லியாக வேண்டும். அணையின் கொள்ளளவிலிருந்து கணக்குப் போட்டால் இதற்கு விடை வராது. முகத்துவாரத்தின் உப்பிலிருந்து தொடங்கி ஆற்றோடு மேல்நோக்கிப் போனால்தான் வரும்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஆற்றுநீரில் அது இல்லையென்றே சொல்லலாம். இரண்டும் கலக்கும் கழிமுகத்தில், சில கிலோமீட்டருக்குள் உப்பு படிப்படியாக ஏறுகிறது. அந்தப் படிகளில்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. கடலில் பொரிக்கும் வெள்ளை இறால் குஞ்சு, தீனியும் மறைவிடமும் தேடிக் கழிமுகத்துக்குள் ஏறி, வளர்ந்தபின் கடலுக்குத் திரும்புகிறது. அந்தத் தீனிக்கு அடிப்படையான நுண்பாசிகளுக்குச் சிலிக்காவைக் கொண்டுவருவது ஆறு. வாயை அடைக்கும் மணல் திட்டை உடைத்துத் தள்ளுவதும் ஆற்றின் வெள்ளமே. ஆக, கழிமுகத்துக்கு வேண்டியது இத்தனை கன அடி என்ற ஒற்றை எண் அல்ல. எந்த மாதத்தில், எத்தனை நாள், எவ்வளவு தூரத்துக்கு உப்பு தணிந்திருக்க வேண்டும் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் எண்ணை மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தெற்கே பக்கத்து ஆற்றில் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டிஎம்சியைப் பிரித்தபோது, சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4 என்று ஒதுக்கியது. 2018-இல் மாநிலங்களின் பங்கை மாற்றிய உச்ச நீதிமன்றமும் இந்த இரண்டைத் தொடவில்லை. மொத்தத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. அளவு சிறியது என்பது ஒருபுறம் இருக்கட்டும். காவிரியின் கிளையான கொள்ளிடத்தின் வாயில் உப்பு எந்த மாதம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கும் அந்தப் பத்துக்கும் தொடர்பு இல்லை என்பதே பெரிய குறை. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் வேறு வழியைப் பிடித்தார்கள். அடித்தண்ணீரில் ஆயிரத்துக்கு இரண்டு பங்கு உப்பு இருக்கும் இடம், கடல்வாயிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் நிற்கிறது என்று அளந்தார்கள். பல வகை மீன்களின் பெருக்கம் அந்த எல்லைக்கோட்டோடு ஏறி இறங்குவதைக் கண்டு, 1995-இல் அதையே விதியாக்கினார்கள்: பிப்ரவரி முதல் ஜூன் வரை, மழை ஆண்டா வறண்ட ஆண்டா என்பதைப் பொறுத்து, அந்தக் கோடு 64, 74, 81 கிலோமீட்டர் குறிகளில் எதைத் தாண்டி உள்ளே ஏறக்கூடாது என்று. எவ்வளவு நீர் விடுவது என்பது அதற்குப் பிறகு வந்த கணக்கு.

அந்த எண்களை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. வெள்ளாறு பனி உருகி ஓடும் ஆறு அல்ல. வடகிழக்குப் பருவமழையை நம்பியது. அணைகள் வருவதற்கு முன்பும் கோடையில் அது வற்றியே கிடந்தது, அப்போது கழிமுகம் கடலாகவே இருந்தது. ஆகவே ஆண்டு முழுக்க நீர் விடச் சொல்பவர்கள் ஆற்றின் இயல்பை அறியாதவர்கள். இங்கே பார்க்க வேண்டியது அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான ஐந்து மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில்தான் வெள்ளம் வருகிறதே, போதாதா என்று கேட்கலாம். நடுவில் வரும் பெருவெள்ளத்தை எந்த அணையும் முழுதாகப் பிடிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது சில நாட்களில் ஓடிவிட, கடல் உடனே திரும்பி ஏறுகிறது. காணாமல் போவது இரண்டு முனைகள்: அணைகள் நிரம்பும்வரை உள்ளேயே நின்றுவிடும் முதல் புதுவெள்ளம், மழை ஓய்ந்தபின் தை, மாசியில் மெல்லத் தணிந்து ஓடவேண்டிய நீர்.

இன்னும் கனமான மறுப்பு பிச்சாவரத்திலிருந்து வருகிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள அந்தச் சுரபுன்னைக் காடு, 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பழைய கூப்பு வெட்டால் பள்ளமாகி, கடல்நீர் தேங்கி உப்பேறிக் கெட்ட பகுதிகளை, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வாய்க்கால்கள் வெட்டி மீட்டது. அங்கே உதவியது கடலின் ஓதம், ஆறு எதற்கு? தேங்கிய உப்பைக் கழுவ ஓதம் போதும், கடலைவிடக் குறைந்த உப்பை அது தர முடியாது. உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டலே அக்காட்டில் இன்று ஓங்கி நிற்கிறது. மரம் இருக்கிறது என்பதால் மற்ற வகைகளுக்கும் குஞ்சுகளுக்கும் இடம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

எங்கள் நீரிலா பங்கு என்ற விவசாயியின் கேள்விக்குத்தான் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கோமுகியின் கொள்ளளவு 56 கோடி கன அடி, மணிமுக்தாவுடையது சுமார் 74 கோடி. இரண்டும் சேர்ந்தால் 1.3 டிஎம்சி. இதை நம்பி நெல்லும் கரும்பும் போடுகிறவரிடம், மழை பொய்த்த ஆண்டில் இறாலுக்குப் பங்கு கொடு என்பது அநியாயம். அதனால்தான் விதி ஆண்டுக்கு ஆண்டு மாற வேண்டும் என்கிறேன்: வறண்ட ஆண்டில் ஒன்றும் கேட்காமல், நடுத்தர ஆண்டில் கொஞ்சமாக, அணைகள் நிரம்பி வழியும் ஆண்டில் உபரியை ஒரே மூச்சில் திறந்துவிடாமல் இயன்றவரை வாரக்கணக்கில் நீட்டி. இதில் விவசாயியும் ஆதாயக்காரர்தான். ஆற்றில் கடல்நீர் ஏறிக் கிணறு உப்பாவது புவனகிரிப் பக்கத்துக் குறை. அதற்குத் தடுப்பணை கேட்கிறார்கள். அது உப்பை நிறுத்தும், கூடவே கலப்புநீரின் நீளத்தையும் வெட்டிவிடும். தை மாதத்து மெல்லிய ஓட்டம் அந்த உப்பைத் தள்ளும், கழிமுகத்தையும் காக்கும்.

கணக்குப் போட அடிப்படை இல்லாமல் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் 1960-களிலிருந்து பரங்கிப்பேட்டையில் இந்தக் கழிமுகத்தைத்தான் ஆராய்ந்து வருகிறது. அதன் உப்புப் பதிவுகளையும் நீர்வளத் துறையின் அணைப் பதிவுகளையும் ஒரே மேசையில் வைத்து, மாதவாரியாக ஒப்பிட வேண்டும். மலையடிவார அணைகள் இரண்டால் மட்டும் எதுவும் நடக்காது என்பதால், அந்த வேலையைச் சேத்தியாத்தோப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அணைக்கட்டின் பங்கையும் குறித்துக்கொண்டே கள்ளக்குறிச்சி வரை ஏறலாம்.